மருந்துக்கடையில் ரொக்கம்

கருமத்தம்பட்டியில் தனியாக இருக்கும் என் அப்பாவுக்கு நான்தான் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறேன். மருத்துவக் காப்பீடு இல்லாத, அறுபது வயது கடந்தவர்கள் பழைய வரி முறையில் மருத்துவச் செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்டு, போன வருடம் அவருடைய பில்களை ஆடிட்டரிடம் கொண்டுபோனேன். அப்பாவும் கூட வந்தார்.

ஆடிட்டர் புரட்டிப் பார்த்தார். “எல்லாமே ரொக்கமுங்க அம்மணி. கார்டுலயோ செக்குலயோ கட்டியிருந்தாத்தானுங்க கழிக்க முடியும்.”

அங்கேயே அப்பாமேல் எரிந்து விழுந்தேன். “கார்டு வாங்கிக் குடுத்தது பீரோவுல பூட்டி வெக்கறதுக்குங்களாப்பா?”

அப்பா அமைதியாகச் சொன்னார். “கார்டு தேச்சா உன்ற போனுக்கு மெசேஜ் வந்துருது கண்ணு. ஆபீஸ்ல உக்காந்துட்டுப் பதறுவியேன்னுதான்.”

அவருடைய வங்கிக் கணக்குக்கு என் எண்ணைக் கொடுத்ததே நான்தான். பில்களைத் திரும்ப வாங்கி, முதல்முறையாகத் தேதிகளைப் பார்த்தேன். தீபாவளி வாரம் போனில் “நல்லாருக்கேன்” என்றாரே, அந்த வாரத்தில் மட்டும் மூன்று பில்கள். ஒன்று ஈசிஜி.

இப்போது அப்பா கார்டுதான் தேய்க்கிறார். மெசேஜ் வந்ததும் நான் அழைப்பதில்லை. சாயந்திரம் வரை பொறுத்திருந்து, சாப்பிட்டாரா என்று மட்டும் கேட்கிறேன். மீதியை அவரே சொல்லிவிடுகிறார்.