நுளகம்

திறப்பு விழாவுக்கு மெம்பர் வந்திருந்தார், பொறியியலாளர் வந்திருந்தார். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைப் பெண்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். மூலைக்கடை நானா கடையை அரைவாசி சாத்திவிட்டு வந்திருந்தார். அமைச்சர் வரவில்லை. மெம்பரின் கட்சியிலிருந்து ஒருவரும் வரவில்லை. அப்பா ஒருகொடவத்தையில் கொள்கலன் இறக்கப் போயிருந்தார்.

மெம்பர் என்றால் மாகாண சபை உறுப்பினர். வெள்ளவத்தையில் வீடு, யாழ்ப்பாணத்துப் பேச்சு. நான் அவருக்குக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். அந்தத் தகுதிக்குக் கிடைத்த வேலை அது. கட்சியில் அவரைத் 'தயிர்ச்சோறு' என்பார்கள். உறைப்பில்லையாம். அந்தத் தயிர்ச்சோறுதான் ஒவ்வொரு மேசையாகப் போய் உட்கார்ந்து, எங்கள் பிள்ளைகள் படிக்க ஒரு மண்டபமும், அதன் பலகையில் தமிழில் ஒரு வரியும் வாங்கியது.

துணியை விலக்கினார்கள். சிங்களம் சரி. ஆங்கிலம் சரி. தமிழில் 'பொது நுளகம்' என்று இருந்தது. நான் 'நூலகம்' என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன். எழுத்து வெட்டிய கடையில் தமிழ் தெரிந்தவர் இல்லை.

"மெம்பர், இது டெங்கு ஒபிஸா? ரத்தம் குடிக்கிற நுளம்புக்கும் கார்ட் குடுப்பாங்களா?" என்றார் நானா. ஒழுங்கையே சிரித்தது. மகளுக்காக இந்த மண்டபத்தைக் கேட்டுக் கேட்டு நடந்த எதிர்வீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"மத்த ரெண்டும் சரியா இருக்கு. நம்ம வரியில மட்டும் எப்படிங்கய்யா நுளம்பு பூந்துச்சு?" என்று மெம்பரிடம் கேட்டாள்.

"சேர், இப்பவே இன்ஜினியர்கிட்ட சொல்லிருவோம்" என்றேன் நான், மெதுவாக.

"வேண்டாம் தம்பி. இண்டைக்குக் கழட்டினா அது திரும்பி வராது. முதல்ல நிக்கட்டும். பிறகு திருத்துவம்." பிறகு அக்காவிடம், "ஒருத்தரும் கை வைக்காதேங்கோ, பிள்ளை. அரசாங்கச் சொத்து. முறையா நான் செய்விச்சுத் தாறன்."

"உங்களை நம்பித்தான் இருக்கோம்" என்றாள் அவள்.

அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் வேலைத்தலம் வரை பகிடி போயிருந்தது. "நீ கூட இருந்துமாடா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

'முதல்ல நிக்கட்டும்.' மெம்பருடைய அரசியல் முழுவதும் அந்த ஒரு சொல்தான். எதையும் உடைக்காமல், யாரையும் பகைக்காமல், கிடைத்ததை நிற்க வைப்பது. அது பிழை என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் 'பிறகு' வருவதற்கு முன் சபையின் காலம் முடிந்தது. தேர்தலும் வரவில்லை. பலகையை மாற்றச் சபையின் அனுமதி வேண்டும் என்றார்கள். அனுமதி தர உறுப்பினர்கள் இல்லை. முன்பு அவரைக் கண்டதும் எழுந்து நின்ற எழுதுவினைஞர், "சபாவ நேனே, மாத்தயா" என்று உட்கார்ந்தபடியே சொன்னார். சபைதான் இல்லையே. மெம்பர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். மறுமாதமும் போனோம். நான் கடிதம் எழுதிக் களைத்தேன். அவர் களைத்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. ஒழுங்கையில் பிள்ளைகள் "நுளகத்துக்குப் போறோம்" என்றே சொல்லப் பழகிவிட்டார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

போன மாசியில் ஒரு காலை, ஒருவழியாக வேறு திணைக்களம் ஒன்று பரிசீலிப்பதாகச் சொன்ன பதிலோடு அவர் ஒழுங்கைக்கு வந்தார். நானும் கூட வந்தேன். மண்டப வாசலில் நானாவின் ஏணி. அதன் மேல் ஒரு பெயின்டர் பழைய வரியின் மேல் பூசி 'நூலகம்' என்று எழுதி முடித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அக்கா கீழே ஏணியைப் பிடித்திருந்தாள்.

மெம்பர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அரசாங்கச் சொத்து என்று சொல்லவில்லை.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

"சொன்னா பொறுக்கச் சொல்லுவீங்க ஐயா."

அவர் பணப்பையை எடுத்தார். "எவ்வளவு முடிஞ்சது?"

"வேணாங்கய்யா. வீட்டுக்கு வீடு போட்டுக் குடுத்துட்டோம்."

"பரவாயில்லை. தெரிஞ்சுகொள்ளத்தான் கேக்கிறன்."

"பெயின்டோட சேர்த்து மூவாயிரத்து ஐந்நூறு."