செந்தில் நாடகத்தில் நான் சிரிக்கவில்லை

இன்று மாலை பசுமலையில் நண்பன் செந்திலின் நகைச்சுவை நாடகம். எனக்காக முன்வரிசையில் இடம் போட்டு வைத்திருந்தான்.

மூன்று மாதம் நடிப்புப் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து என் கண்ணுக்கு நாடகம் தெரிவதில்லை, நுட்பம்தான் தெரிகிறது. ஒரு நடிகர், கூட்டத்தின் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வசனத்தை எடுக்கிறார். இன்னொருவர் தடுக்கி விழுவதற்கு முன்பே முழங்காலை மடக்கிவிட்டார். என் மடியில் குறிப்பெழுத நோட்டு வேறு.

செந்தில்தான் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை. கையில் காபி டம்ளர்.

பெண்ணின் அப்பாவாக நடித்தவர், "குடிப்பழக்கம் உண்டா தம்பி?" என்று கேட்டார்.

டம்ளர் உதட்டுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. செந்தில் என்னையே பார்த்தான். பதில் வரவில்லை. அரங்கமே சிரித்து அதிர்ந்தது.

'மௌனத்தை என்ன அழகாகப் பிடித்து வைக்கிறான்!' என்று எழுதிக்கொண்டேன்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் நோட்டைக் காட்டினேன். படித்ததும் அவன் முகம் சுருங்கிவிட்டது.

"வசனம் மறந்துபோச்சு மாப்ள. அம்புட்டுப் பேரும் சிரிச்சாய்ங்க. நீ மட்டும் பரீட்சைப் பேப்பர் திருத்துற வாத்தியார் மாதிரி உக்காந்திருந்த. ஒன் மூஞ்சியப் பார்த்துத்தான் எல்லாம் போச்சு. இனிமே என் நாடகத்துக்கு வராத."

சொல்லிவிட்டு, ஒப்பனை கலைக்காத முகத்தோடு பேசாமல் நின்றான். கண் கலங்கியிருந்தது.

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அந்த மௌனம் எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

கற்றதை மறக்க எங்கேயாவது மூன்று மாதப் பயிற்சி நடந்தால் சொல்லுங்கள். நாளைக்கே சேர்ந்துவிடுகிறேன்.