டாக்சிக்காரரின் எடைக்கு என் சக்கரமா?

புதன்கிழமை காலை ஏழரை மணி. செமிலிங் பேருந்து நிறுத்தத்தில் சைக்கிளின் பின்சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேருந்து வந்ததும் ஓட்டுநர் என்னைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்தார். "இதுக்கும் டிக்கெட் எடுக்கணும்லா" என்றார். "சீட்டுல உக்காந்தா எடுக்கிறேன். மடியிலதான இருக்கு" என்றேன். சுங்கை பட்டாணி வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

அந்தச் சக்கரத்தில் ஒரு கம்பி ஒடிந்திருந்தது. பல்சக்கரம் இருக்கும் பக்கம், நடுக்குடத்தில் கொக்கி போல வளைந்து நுழையும் இடத்தில் ஒடிந்தது. மொத்தமே இருபத்துநாலு கம்பிதான். ஒன்று போனாலும் ரிம் கோணிக்கொண்டு பிரேக் கட்டையில் உரசும், சைக்கிள் நகராது. இந்த வருடத்தில் இப்படி ஒடிவது இது மூன்றாவது தடவை.

சைக்கிள் என் மகன் சேகருடையது. கூலிம் ஹைடெக் பூங்காவில் வேலை கிடைத்துப் போனபோது விட்டுப் போனான். ரேஸ் சைக்கிள், ஒரு கையால் தூக்கலாம். அதனால்தான் அதை ஓட்டுகிறேன். எஸ்டேட்டை விட்டு வந்தபின் எங்களுக்குக் கிடைத்த வீடு ஃப்ளாட்டில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கீழே பூட்டி வைத்த இரண்டு கூடை சைக்கிளும் களவு போயின. இப்போது சைக்கிள் என்னோடு மாடி ஏறும், என்னோடு மாடி இறங்கும். காலையில் முதுகுப் பையில் தோசை மாவை வைத்துக்கொண்டு வீடு வீடாய்க் கொடுக்கிறேன். யாரிடமும் கை நீட்டவில்லை.

சேகர் போன வாரம் சொல்லிவிட்டான்: "இன்னொரு தடவை ஒடிஞ்சா சைக்கிளை வித்துடுவேன்மா. நீ எங்ககூட கூலிமுக்கு வந்துடு." அவன் சொன்ன மறுநாள் ஒடிந்தது. வெள்ளிக்கிழமை லீவுக்கு வருவான். அதற்குள் சக்கரம் சுற்றியாக வேண்டும்.

ஒன்பது மணிக்குச் சுங்கை பட்டாணியில் அந்தப் பெரிய சைக்கிள் கடைக்குப் போனேன். ஏசி போட்டிருக்கும். போன இரண்டு தடவையும் கம்பி மாற்றியது இவர்கள்தான். சட்டையில் கடைப்பெயர் போட்ட ஆள் சக்கரத்தை வாங்கிச் சுற்றிப் பார்த்தான்.

"பாட்டி, பேரன்கிட்ட சொல்லுங்க. ரேஸ்ல பள்ளத்துல விடாம ஓட்டச் சொல்லுங்க."

"எனக்குப் பேரனே கிடையாது. பேத்தி கைக்குழந்தை."

"சரி, யாரோ ஒருத்தர். கம்பி ஸ்டாக் இல்ல பாட்டி, வர ஒரு வாரம் ஆகும். புது வீலே வாங்கிடுங்க, நானூத்தி எம்பது வெள்ளி. இல்லன்னா உங்களுக்கு நல்லதா ஒரு கூடை சைக்கிள் காட்டட்டா?"

மூன்றாவது மாடி என்றேன். கீழே பூட்டி வைக்கலாமே என்றான். அவன் என்றைக்காவது மாடி ஏறி மாவு விற்றிருந்தால் அப்படிச் சொல்வானா? இவனுக்கு நான் எந்த உறவில் பாட்டி? சக்கரத்தை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வெளியே டாக்சிக்காரர் மணியம் நின்றிருந்தார். எங்கள் பழைய எஸ்டேட் ஆள், பெருத்த உடம்பு. கடையில் நடந்ததைச் சொன்னேன். "அக்கா, கூலிம்ல ஒரு பாய் கடை இருக்கு. அன்னிக்கே செஞ்சு குடுப்பாரு. அறுபது வெள்ளி குடுங்க" என்றார். ஐம்பதுக்குச் சம்மதிக்க வைத்தேன். பாடாங் செராய், லூனாஸ் வழியாக முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வழியெல்லாம் செம்பனைத் தோட்டம். மணியம் தன் முட்டிவலியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

கூலிமில் பாய் கடை சின்னது. மேலே எல்லாம் சக்கரங்கள் தொங்கின. மணியம் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், நான் பின்னால். அங்கேதான் தப்பு நடந்தது.

பாய் மணியத்தைப் பார்த்துக் கேட்டார், "அண்ணே, எத்தனை கிலோ?"

"தொண்ணூத்தஞ்சு இருக்கும் பாய்."

பாய் உதட்டைப் பிதுக்கினார். "இருபத்துநாலு கம்பி வீல் தாங்காதுண்ணே. கம்பி மாத்தியும் பிரயோசனம் இல்ல. திரும்பவும் ஒடியும். எடுத்துட்டுப் போங்க."

மணியம் தலையை ஆட்டிக்கொண்டு, "அவரே சொல்லிட்டாரு அக்கா" என்றார். நான் ஐம்பது வெள்ளி கொடுத்து வந்தது இந்த மனுஷனின் தொப்பையை எடை போட்டுச் சொல்லவா? என் சைக்கிள் இவர் எடையால் வீட்டை விட்டுப் போகப் போகிறதா?

"பாய்! இந்த ஆளு சைக்கிள்ல ஏறினா சைக்கிள் மட்டுமா உடையும், ரோடும் உடையும். ஓட்டுறவ நான்!"

மணியம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"நீங்களா?" என்றார் பாய்.

"நான்தான். கிளினிக்ல போன மாசம் பார்த்தது அம்பத்தெட்டு. காலையில முதுகுல மாவு பத்துக் கிலோ. எழுதிக்குங்க."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லம்மா?"

"முதல்ல என்னைக் கேட்டது யாரு?"

பாய் சக்கரத்தை வாங்கிக்கொண்டார். பல்சக்கரத்தைக் கழற்றினார். பழைய கம்பிகளை விரலால் தட்டிப் பார்த்தார், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம் போட்டது. சுங்கை பட்டாணிக்காரன் ஒடிந்ததற்குப் பதில் சன்னக் கம்பி மட்டும் சொருகியிருந்தான். "ஸ்கூல் பையன் வீலுக்குப் போடுறதைப் போட்டிருக்கான்மா" என்றார். ஒன்றை மாற்றினால் பக்கத்துக் கம்பிக்குப் பாரம் ஏறி அதுவும் ஒடியும், இந்தப் பக்கம் பன்னிரண்டையும் மாற்ற வேண்டும் என்றார். ஒரு கம்பியை அளவுச்சட்டத்தில் வைத்து நீளம் பார்த்தார். இரண்டு முனையும் தடித்து, நடுவில் மெல்லிசான கம்பியை எடுத்து என்னிடம் கொடுத்தார். மணியத்திடம் இல்லை. "பள்ளத்துல விழுந்தா நடு கொஞ்சம் இழுத்துக் குடுக்கும்மா. அந்தக் கொக்கி வளைவு ஒடியாம தப்பிச்சுக்கும்."

எழுபத்தைந்து வெள்ளி. பதினோரு மணிக்குக் கோக்கத் தொடங்கினார். எல்லாவற்றையும் முறுக்கி, கோணல் எடுத்து, ஒருமுறை கையால் அமுக்கி மறுபடி முறுக்க மதியம் ஆனது. நான் ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பாய் போகச் சொல்லவில்லை. போயிருக்கவும் மாட்டேன்.

கூலிமை விட்டுக் கிளம்பும்போது டாக்சி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அகலமான சாலை, பெரிய ஆலைகள், சேகர் குடியிருக்கும் உயரமான கட்டடம். அதில் லிஃப்ட் இருக்கிறது. லிஃப்டில் ஏறி இறங்கி நான் யாருக்கு மாவு கொடுப்பது? எங்கள் ஃப்ளாட்டில் படி உடைந்திருக்கிறது, விளக்கு எரியாது. ஆனால் நான் எத்தனை கிலோ தூக்குவேன் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சேகர் வந்தான். வீடு பூட்டியிருந்தது. கைப்பேசியில் கூப்பிட்டான்.

"எங்கம்மா இருக்க? சைக்கிளையும் காணோம்."

"மேட்டு வீட்டுல மாவு குடுத்துக்கிட்டு இருக்கேன். சாவி பக்கத்து வீட்டுல இருக்கு. தோசை வேணும்னா சட்டினி அரைச்சு வை."