சோன்காவின் தக்காளி நாற்றும் ஊதா விளக்கும்

சோன்கா ப்ளெவென் நகரில் மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ் ஓட்டுபவள். குடித்துவிட்டு ஏறும் பயணிகளிடம்கூடக் குரலை உயர்த்தியதில்லை. அப்படிப்பட்டவள் அந்த மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை போட்ட சத்தத்தில் மாடிப்படி நெடுகக் கதவுகள் திறந்தன.

குடியிருப்பு முழுக்க ஜன்னலோரத் தயிர்க் கிண்ணங்களில் தக்காளி நாற்று நிற்கும் காலம் அது. சோன்காவின் சமையலறை வடக்குப் பார்த்தது. வெயில் எட்டிப் பார்க்காது. போன கோடையில் ஆலங்கட்டி மழை தோட்டத்தை அழித்த பிறகு, அவள் ஆண்டாண்டாய் விதை பொறுக்கிக் காத்துவந்த இளஞ்சிவப்புத் தக்காளியில் மிஞ்சியது ஒரு சிட்டிகை விதைதான். அத்தனையையும் விதைத்துவிட்டாள். இது போனால் அந்த ரகமே போயிற்று.

"வெள்ளை லைட்டா வாங்கு. செடிக்கு ஒரு சாண் மேல கட்டு" என்று கணவன் லியுபெனிடம் சொல்லிவிட்டுத் பத்து நாள் தங்கை வீட்டுக்குப் போனாள். அவன் மலிவான ஊதா விளக்கு வாங்கினான். வீட்டுக்குள் திருட்டுத்தனமாகக் கஞ்சா வளர்ப்பவர்கள் போடும் ஊதா வெளிச்சம் ஜன்னலில் தெரிந்தால் தாங்களும் கஞ்சா வளர்ப்பதாக ஊர் பேசுமே என்று பயந்து, அதைச் செடிகளிலிருந்து தள்ளிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்து ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் திரும்பியபோது நாற்றுகள் வெளிறி, நூலாய் நீண்டு, சாய்ந்து கிடந்தன.

"யோவ், இது நாத்தா, சேமியாவா?"

"லைட்டுப் பெட்டியில ஆயிரம் வாட்டுன்னு போட்டிருக்கான், சோன்கா. எங்க வச்சாலும் எட்டும்னு நெனச்சேன்."

"இப்பதான் மீட்டர் வச்சுப் பார்த்தேன். பழைய குண்டு பல்பு அளவுகூட கரன்ட் இழுக்கல. பெட்டியையா வளர்க்கப் போறோம்?"

எதிர்வீட்டு மிஞ்சோ தலையை நீட்டினான். "என்ன அண்ணி, டிஸ்கோவா?"

"உள்ள வாடா! நாங்க என்ன வளர்க்குறோம்னு நல்லாப் பாரு. உன் வாய்க்குப் பயந்துதான் இவன் என் செடியை இருட்டுல போட்டான்!"

"கஞ்சான்னா இந்நேரம் நல்லா வளர்ந்திருக்கும்" என்றான் மிஞ்சோ. யாரும் சிரிக்கவில்லை. அவன் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

சோன்கா நேரே கார் கொட்டகைக்குப் போய், அங்கிருந்த வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கைக் கழற்றினாள்.

"அது கார் வேலைக்கு வேணும்டி..."

"இருட்டுல படுத்து வேலை செய். செடி எப்படிக் கெடந்துச்சுன்னு தெரியும்."

திரையைப் பிடுங்கி எறிந்தாள். ஒவ்வொரு நாற்றையும் ஆழமான கிண்ணத்துக்கு மாற்றிக் கழுத்துவரை மண்ணில் புதைத்தாள். தக்காளித் தண்டு புதைத்த இடத்தில் வேர்விடும். விளக்கை ஒரு சாண் உயரத்தில் கட்டினாள்.

சில செத்தன. மீதி மெல்ல நிமிர்ந்து, கரும்பச்சையாய் இலை விட்டன.

"பொழச்சிடுச்சுல்ல?" என்று சாப்பாட்டு மேசையில் லியுபென் தயங்கிக் கேட்டான்.

"செடி மட்டும் பொழச்சிடுச்சு" என்றாள் சோன்கா. அவன் பக்கம் திரும்பவில்லை.