நொத்தாரிசுதான் வருவார் என்று சொன்னது நான்

இத்தாலியில், கபோ சந்தையில் வாங்கிவந்த சாளை மீனைக் குசினித் தொட்டியில் போட்டுத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். ஜன்னல் விளிம்பில் சின்ன வானொலி. அதில் நான் வேலை செய்யும் வீட்டுப் பேராசிரியர், புரொபெசோரே, பேசிக்கொண்டிருந்தார். ஆள் இருந்ததென்னவோ பக்கத்து அறையில், தொலைபேசியைக் காதில் வைத்தபடி. அதனால் அவருடைய ஒவ்வொரு வசனமும் முதலில் கதவு வழியாக வரும், இரண்டு மூன்று வினாடி கழித்து வானொலியிலும் வரும்.

"ஒரு சின்னத் தேவாலயத்தின் திருவிழாக் குழுவை நினைத்துப் பாருங்கள்" என்று கதவுப் பக்கம் கேட்டது. என் கை நின்றுவிட்டது. "தலைவர் பதவிக்கு நாலு பேர். அதிகம் சத்தம் போடுபவருக்கு முதலில் அதிகக் கை உயரும். மற்றவர்கள் விலகும்போது அந்தக் கைகள் அவரிடம் போகாது. யாருக்கும் கோபமில்லாத ஒருவரிடம்தான் போகும். அமெரிக்காவில் இப்போது நடப்பது அதுதான். நான் இதை ஒக்டோபரிலிருந்தே சொல்லி வருகிறேன்."

பிறகு வானொலியும் அதையே சொன்னது. ஒரே களவை இரண்டு தரம் கேட்டேன்.

ஒக்டோபரில் அதைச் சொன்னது நான். அந்தத் திருவிழாக் குழு எங்கள் பங்கின் தமிழ் ஆட்களுடைய குழு. அந்த நாலு பேரில் ஒருவர் என் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணர்.

புரொபெசோரேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கால்சா பகுதியில் ஒரு பழைய மாளிகையின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். பல்கலைக்கழகத்தில் அரசியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. ஆளின் உருவம் தெரியும், எழுத்துத் தெரியாது. சமையல், துப்புரவு, மருந்து என்று வேலைக்குச் சேர்ந்த நான் மூன்றாவது மாதத்திலிருந்து பேப்பர் வாசிக்கிறவளாகவும் ஆனேன். இத்தாலியப் பேப்பரை வாசிப்பேன். ஆங்கிலத்தில் வருவதை என் தொலைபேசியில் எடுத்து, வாசித்தபடியே இத்தாலிய மொழியில் சொல்லுவேன். ஊரில் இருந்தபோது மூன்று வருடம் ஒரு டியூட்டரியில் கணிதம் படிப்பித்தவள் நான். இதை முதல் கிழமையே அவரிடம் சொன்னேன். "பிராவா" என்று சொல்லிவிட்டு, உப்பு எங்கே என்று கேட்டார்.

அந்த வருடம் அமெரிக்காவில் ஒரு கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரைத் தேடிக்கொண்டிருந்தது. ஏழு பேர் போட்டி. மாநிலம் மாநிலமாக வாக்குப் போட்டு, கடைசியில் ஒருவரை நிறுத்துவார்கள். அது யார் என்று முன்கூட்டியே சொல்வதற்காக உள்ளூர் வானொலி ஒவ்வொரு புதன் காலையும் இவரைக் கூப்பிடும். பேர்கள் நினைவில் நில்லாததால் இவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம் வைத்திருந்தார். முன்னுக்கு நின்ற ஆளுநருக்கு நல்ல குரல், அதனால் பாடகர். மூன்றாவதாக நின்ற மெலிந்த செனட்டர் ஆறுதலாக, பத்திரம் எழுதுகிறவர் கடதாசி வாசிப்பதுபோலக் கதைப்பார், அதனால் நொத்தாரிசு.

பாடகர்தான் என்பதில் புரொபெசோரே உறுதியாக இருந்தார், வானொலியில் மட்டும் இன்னும் பேர் சொல்லாமல் மழுப்பிக்கொண்டிருந்தார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கருத்துக்கணிப்புகளில் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கும்: உங்கள் ஆள் விலகினால் அடுத்ததாக யாருக்குப் போடுவீர்கள்? அந்தப் பக்கத்தை அவர் ஒருநாளும் வாசிக்கச் சொன்னதில்லை. பின்னேரம் அவர் நித்திரை கொள்ளும்போது நான் எனக்காக வாசித்தேன். மற்ற ஐந்து பேரின் ஆட்களும் இரண்டாவதாகச் சொன்ன பேர் திரும்பத் திரும்ப நொத்தாரிசுதான். பாடகரை நேசித்தவர்கள் ஏற்கெனவே அவரிடம் இருந்தார்கள். புதிதாக அவரிடம் போக ஒருவரும் இல்லை.

அடுத்த நாள் சொன்னேன். திருவிழாக் குழுவை வைத்து விளங்கப்படுத்தினேன்.

அவர் சிரித்தார். "அது ஒரு பெரிய நாடு. உங்கள் பெருநாள் ஊர்வலம் இல்லை."

"கழித்தல் எல்லா நாட்டிலும் ஒன்றுதானே, புரொபெசோரே?"

"நீ கோப்பியைப் போடு."

போட்டேன். அது என் வேலை. அதில் எனக்குக் குறையில்லை.

முதல் இரண்டு மாநிலங்களில் பாடகர் வென்றார். அன்றைக்கெல்லாம் புரொபெசோரேக்கு நல்ல சந்தோசம். மூன்றாவது மாநிலத்துக்கு முன் இரண்டு பேர் விலகினார்கள், நொத்தாரிசு இரண்டாவதாக வந்தார். இன்னொருவர் விலகினார், நொத்தாரிசு வென்றார். அதற்கு அடுத்த புதன்தான் நான் சாளைத் தலை கிள்ளிய புதன்.

மத்தியானம் மேசையில் அவருக்கு மீனின் முள்ளெடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னேன்.

"காலமை வானொலியில் சொன்ன திருவிழாக் குழு என்னுடையது."

"ஆ, அதுவா? நல்ல உவமை. எல்லாருக்கும் பிடித்திருக்கிறது."

"உவமை மட்டும் இல்லை, கணக்கும் நான் சொன்னது. நீங்கள் பாடகர் என்று நின்றீர்கள்."

"இந்த மேசையில் எத்தனையோ கதைக்கிறோம். யார் முதலில் சொன்னது என்று யாருக்கு நினைவிருக்கும்?"

"எனக்கு இருக்கிறது."

அவர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். "நீ சொன்னது ஒரு ஊகம். அதை அரசியலாக்கியது நான். சரி, நீயே போய் வானொலியில் சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?"

எனக்கு முகம் கொதித்தது. அவர் சொன்னது பொய் என்றால் அவ்வளவு கொதித்திருக்காது. அந்தத் தேர்தலில் மட்டுமில்லை, எந்தத் தேர்தலிலும் என்னிடம் ஒருவரும் கேட்பதில்லை. பிறந்த நாட்டில் வெளியே இருக்கிறவளுக்கு வாக்கில்லை. பத்தொன்பது வருடம் நிலம் துடைத்த நாட்டில் வேற்றுநாட்டவளுக்கு வாக்கில்லை. மிச்சம் இருந்தது ஒரு கருத்து. அதையும் இந்த மனுசன் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். உணவகக் குசினியில் வேலை செய்கிறவர், சத்தத்துக்குப் பயந்தவர்.

"இஞ்சேரும், விடும்," என்றார். "வைகாசியிலை தங்குற பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேணும். அந்தாளின்ரை வேலை ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்தூராப் பொலிசிலை என்னத்தைக் காட்டப்போறீர்?"

"அதுக்காக என்ரை மூளையையும் குடுக்கவோ?"

"குடுக்கச் சொல்லேல்லை. கொஞ்ச நாளைக்குப் பொத்தி வைச்சிருமன்."

தங்கும் அட்டைக்காகப் பொத்தி வைத்திருந்த மற்றதெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது.

நான் சொன்னது புரொபெசோரேயைக் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த புதன் வானொலியில் அவர் சொன்னார்: "உண்மையைச் சொன்னால் இதை முதலில் மோப்பம் பிடித்தது என் வீட்டில் வேலை செய்யும் இலங்கைப் பெண். அவர்களுக்கு அப்படி ஒரு உள்ளுணர்வு இருக்கிறது, விலங்குகள் நிலநடுக்கத்தை அறிவதுபோல."

நிகழ்ச்சி நடத்திய பெண் சிரித்துவிட்டு, என்னிடம் கொடுக்கச் சொன்னாள். அவர் தொலைபேசியை நீட்டினார். ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாங்கினேன்.

"சிஞ்ஞோரா, கனவில் கண்டீர்களா? உங்கள் ஊரில் சாதகம் பார்ப்பார்களாமே?"

"நான் கத்தோலிக்கப் பெண். சாதகம் பார்ப்பதில்லை. கணித ஆசிரியையாக இருந்தேன். கருத்துக்கணிப்பின் கடைசிப் பக்கத்தில் இரண்டாவது தெரிவு என்று ஒன்று இருக்கிறது. விலகியவர்களின் வாக்கை அதன்படி பிரித்தால்..."

"எவ்வளவு அழகு!" என்றாள் அவள். "மிக்க நன்றி, சிஞ்ஞோரா. இப்போது ஒரு பாடல்."

ஏதோ பாட்டு ஓடியது. வசனத்தின் மிச்சம் என் வாய்க்குள்ளேயே நின்றது. புரொபெசோரே என் தோளில் தட்டி, "பார், உன் பேரையும் சொல்லிவிட்டேன்" என்றார். பேரை அவர் சொல்லவேயில்லை. இலங்கைப் பெண் என்றுதான் சொன்னார்.

வைகாசியில் அட்டை கைக்கு வந்தது. அதற்குள் பாடகரும் விலகிவிட்டார். கோடையில் கட்சி மாநாடு கூடி நொத்தாரிசை வேட்பாளராக அறிவித்தது. அந்தக் கிழமை உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று புரொபெசோரேயிடம் ஒரு கட்டுரை வாங்கியது. எல்லாரும் தவறியபோது அவர் மட்டும் எப்படிச் சரியாகச் சொன்னார் என்பதுதான் விசயம். கட்டுரையை அவர் எனக்குச் சொல்லித் தட்டச்சுச் செய்விக்கவில்லை. வழக்கமாக அப்படித்தான் செய்வார். இந்த முறை தன் பழைய மாணவர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்.

பத்திரிகை வந்த காலை, பால்கனிக் கதவைத் திறந்துவைத்து, சாய்நாற்காலியில் இருந்துகொண்டு, "வாசி" என்றார்.

வாசித்தேன். அரைப்பக்கம், அவருடைய படத்தோடு. என் திருவிழாக் குழு மூன்றாம் பந்தியில் இருந்தது. கடைசிப் பக்கத்துக் கேள்வி நாலாம் பந்தியில் இருந்தது. நான் எங்கேயும் இல்லை. உள்ளுணர்வுள்ள விலங்காகக்கூட இல்லை.

"இன்னொரு முறை. ஆறுதலாக வாசி."

திரும்ப வாசித்தேன். மூன்றாம் பந்திக்கு வந்தபோது, "ஒக்டோபரில் என் மேசையில் இதை எனக்கு விளங்கப்படுத்தியவர், என் வீட்டில் வேலை செய்யும் கணித ஆசிரியை" என்று வாசித்து, தகப்பன் பேரோடு சேர்த்து என் முழுப் பேரையும் அதே குரலில் வாசித்தேன்.

அவர் நிமிர்ந்தார். "அப்படி எழுதவில்லையே."

"இல்லை. எழுதவில்லை."

"எழுதியிருப்பதை வாசி."

பத்திரிகையை மடித்து அவருடைய மடியில் வைத்தேன். "நீங்களே வாசியுங்கள், புரொபெசோரே."

பார்வை போன மனுசனிடம் அப்படிச் சொல்வது கொடுமை. தெரிந்துதான் சொன்னேன். அவருடைய விரல்கள் அந்தக் கடதாசியைத் தடவியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்காக இன்றைக்கும் வருந்துகிறேன் என்றால் பாதி பொய், வருந்தவில்லை என்றாலும் பாதி பொய்.

அன்றே வேலையை விடுவதாகச் சொன்னேன். முறைப்படி பதினைந்து நாள் இருந்து, வரப்போகிற பெண்ணுக்கு மருந்துகளைக் காட்டிக்கொடுத்தேன். அந்தப் பதினைந்து நாளும் பத்திரிகை முழுவதையும் வாசித்தேன். ஆனால் அவர் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டபோதெல்லாம், "அடுத்த பக்கம்" என்றேன். முன்னர் எல்லாம் அவர் அப்படிக் கேட்டதே இல்லை.

கடைசி நாள், வாசல் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "நவம்பரில் யார் வெல்வார் என்று சொல்லிவிட்டுப் போ."

மூன்று கிழமையாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் விடை இருந்தது.

"சொல்ல மாட்டேன்" என்றேன். மூன்று மாடிப் படியும் நிற்காமல் இறங்கினேன்.

பேருந்து நிறுத்தத்தில் கணவர் காத்துக்கொண்டு நின்றார். அவரிடம் சொன்னேன், நொத்தாரிசுதான் ஜனாதிபதியாகவும் வருவார் என்று.

"இல்லையப்பா," என்றார். "அது கட்சிக்குள்ளை சரி. யாருக்கும் கோவமில்லாத ஆளுக்காண்டி யாரும் மழைக்குள்ளை வரிசையிலை நிக்க மாட்டினம். வெளித் தேர்தலிலை அது வேணும்."

"ஆர் சொன்னது? விலகினவையின்ரை ஆக்கள் எல்லாம் வருவினம்."

"வரமாட்டினம். இருந்து பாரும்."

பேருந்தில் ஏறியும் விடவில்லை, இறங்கி வீடு போகும் வரை விடவில்லை. முன்னுக்கு இருந்த கிழவி இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு காரணம் சொல்லி மறுத்தார். என் கருத்தை எடுத்துவைத்து, அது எங்கே பிழை என்று ஒருவர் காட்டியது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

நவம்பரில் நொத்தாரிசு தோற்றார். என் கணக்குப் பிழைத்தது. கணவர் இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை.