சர்ச் பிளானுக்கு ஓலை வாசித்த கதை

கட்டடத்துக்குப் பிளான் வரைவது நாலு நாள் வேலை. மிச்ச மாசமெல்லாம் அது எந்த மேஜையில் தூங்குகிறது என்று தேடுவதுதான். வார்டு ஆபீஸ் வராந்தாவில் கால் கடுக்க நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். நிற்காத புண்ணியவான்கள் யாராவது இருந்தால், அவர்களுக்கும் ஒரு நாள் வரும்.

அறுபதுகளில் நான் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு லைசென்ஸ் சர்வேயரிடம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். செம்பூர் பங்களா, சயான் பள்ளிக்கூடம், கல்யாண ஹால் என்று எவ்வளவோ வரைந்தாயிற்று. எல்லாம் மறந்துபோச்சு. தாராவி சர்ச் மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

டேப் பிடித்தவர்

தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் ஒரு தகர ஷெட்டில் ஆராதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். தோல் ஷாப்பிலும் மில்லிலும் வேலை பார்க்கிறவர்கள். சாக்கடையை அகலப்படுத்தப் போகிறோம், மழைக்கு முன்னால் ஷெட்டை எடுத்துவிடுங்கள் என்று நோட்டீஸ் வந்துவிட்டது. சற்றுத் தள்ளி அவர்களுக்கென்று ஒரு துண்டு நிலம் கிடைத்திருந்தது. மழைக்குள் பெர்மிஷன் வந்தால் அதில் புதுக் கோயில். அவர்கள் பேச்சில் சர்ச்சும் கோயில்தான். வராவிட்டால் சபை நடுத்தெருவில். பாதிரியார் மாசம் ஒரு தடவை வந்து போவார். மற்ற ஞாயிறெல்லாம் பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாவற்றுக்கும் உபதேசியார் வேதமாணிக்கம் ஒருத்தர்தான்.

நான் நிலத்தை அளக்கப் போன அன்று கூட வரவேண்டிய ஆள் காய்ச்சல் என்று படுத்துவிட்டான். டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான் முழித்துக்கொண்டு நின்றபோது, நிலத்து மூலையில் இருந்த ஒற்றைக் குடிசையிலிருந்து ஒரு அம்மாள் வந்து மறுமுனையை வாங்கிக்கொண்டார். பெயர் எஸ்தர். ஐம்பது வயசு இருக்கும். புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன, பிள்ளைகுட்டி இல்லை. ஷெட்டைப் பெருக்கிப் பாய் விரிக்கிறது அவர்தான். மொட்டை வெயிலில் நாலு பக்கமும் என்னோடு நடந்தார். முடிந்ததும் குடிசை வாசலில் உட்காரவைத்து சாயா கொடுத்தார்.

"நல்லா அளந்துக்கிடுங்க தம்பி. ஒரு அடிகூட விட்டுறப்பிடாது."

மஞ்சள் பிரஷ்

பிளானில் கலருக்குக் கணக்கு உண்டு. புதிதாகக் கட்டுவது சிவப்பு, இடிக்கப்போவது மஞ்சள். கட்டடத்தைச் சுற்றிப் பத்தடி காலியாக விடவேண்டும் என்பது விதி. எஸ்தரம்மாள் குடிசை கச்சிதமாக அந்தப் பத்தடிக்குள் விழுந்தது. மஞ்சளைத் தொட்ட பிரஷ்ஷோடு போய் முதலாளியிடம் கேட்டேன்.

அவர் மோசமான மனுஷர் இல்லை. அவருக்கும் மழை வந்துவிடும் என்ற பயம்தான். மஞ்சள் போட்டால் குடியிருக்கிறவரிடம் சம்மதக் கடிதம் வாங்கு என்பார்கள். அதற்குத் தனி ஃபைல், தனி விசாரணை. அந்த அம்மாளை எங்கேயாவது குடிவைக்கிறது சபைக்காரர்கள் பாடு என்று அவரே முடிவு பண்ணிக்கொண்டார். சபைக்காரர்களைக் கேட்டீர்களா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முதலாளி சொன்ன ஒரு வார்த்தைக்குப் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டேன்.

"காட்டினாத்தானேப்பா கேப்பான்? காட்டாதே."

காதர் பாயின் குறை

கோயில், மசூதி, சர்ச் எது கட்டினாலும், எதிர்ப்பு இருப்பவர்கள் முப்பது நாளைக்குள் எழுதித் தரலாம் என்று நோட்டீஸ் ஒட்டவேண்டும். எல்லாருக்கும் ஒரே பயம், பக்கத்துச் சுவர் காதர் பாய். தென்காசிப் பக்கத்து ஆள், தகரப் பெட்டி செய்கிற பட்டறை வைத்திருந்தார். பாட்டுச் சத்தம் ஆகாது என்று அவர் ஒரு வரி எழுதினால் போதும், ஃபைல் படுத்துவிடும்.

ஒரு நாள் பாயே எங்கள் ஆபீசுக்கு வந்து நின்றார். முதலாளி பதறிப்போய் நாற்காலி போட்டு, ஃபேனை அவர் பக்கம் திருப்பிவைத்தார். விஷயம் வேறு. தனக்கு ஆட்சேபணையே இல்லை என்று எழுதிக் கொடுக்க அரை நாள் பட்டறையை மூடிவிட்டு வார்டு ஆபீஸ் போயிருக்கிறார். குமாஸ்தா வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டான். மனுஷருக்கு ரொம்ப வருத்தம்.

"எதுக்கிறவனுக்குத்தான் ரிஜிஸ்டர் இருக்காம். சம்மதிக்கிறவன் எங்க போயி எழுதுறது?"

மூணு ஞாயிறு

நோட்டீஸை நிலத்து வேலியில் ஒட்டினால் போதும், நாலு நாளில் மழையோ மாடோ பார்த்துக்கொள்ளும் என்பது எங்கள் வழக்கம். உபதேசியாருக்கு அது நியாயமாகப் படவில்லை. அவர்கள் சபையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை உள்ளவர்கள் எழுந்து சொல்லலாம் என்று கேட்பார்கள். அதே முறையில், பிளானை ஷெட் சுவரில் ஆணியடித்து மாட்டி, நோட்டீஸைத் தமிழில் எழுதி மூன்று ஞாயிறும் வாசித்துவிட்டார். தடை உள்ளவர்கள் வெட்கப்படாமல் எழுதித் தரவேண்டும் என்று தன் பங்குக்கு ஒரு வரி வேறு.

விஷயம் தெரிந்ததும் முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். சும்மா இருந்த ஜனங்களைத் தட்டி எழுப்பி ஆட்சேபணை கேட்டு வாங்கியவர் இந்த ஊரில் நீர் ஒருத்தர்தான் ஐயா என்றார். உபதேசியார் கொஞ்சமும் அசரவில்லை.

"கேக்காமக் கட்டிட்டா, பொறவு காலம்பூரா சொல்லிக்காட்டுவாவல்லா சார்."

பதினாலு

பக்கத்துக் குடியிருப்பு, எதிரே சாளி என்கிற வரிசை வீட்டுக்காரர்கள், காதர் பாய், யாரும் எழுதவில்லை. வந்த எதிர்ப்பு மொத்தம் பதினாலு. பதினாலும் சபைக்குள்ளிருந்தே. அவற்றை உபதேசியாரே ஒரு கவரில் போட்டு, 'எங்கள் சபையாரின் எதிர்ப்புகள் இத்துடன்' என்று கடிதம் வைத்து வார்டு ஆபீசில் சேர்த்துவிட்டார். மணிக்கூண்டு தெற்கே இருப்பதால் எங்கள் வரிசைக்குச் சத்தம் கேட்காது என்று ஒருத்தர். பெஞ்சு போட்டிருக்கிறீர்கள், பாயில் உட்காருகிற நாங்கள் எங்கே போவது என்று ஒருத்தர். அசனம் என்கிற சபை விருந்துக்குச் சாப்பாடு ஆக்க அடுப்புக்கு இடம் எங்கே என்று நாலு பேர் சேர்ந்து. சிலுவை பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியைவிடக் குட்டையாக இருக்கிறதே என்று ஒருத்தர்.

பதில் கேட்டு வார்டு ஆபீஸ் அந்தக் கவரையே எங்களுக்கு அனுப்பியபோது, முதலாளிக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினது நான்தான். சிரித்துக்கொண்டேதான் வாசித்தேன், பதிமூன்று வரைக்கும். பதினாலாவது, நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளில் பென்சிலால் ஒரே வரி, கீழே எஸ்தர் என்று கையெழுத்து.

"என் வீடு இந்தப் படத்தில் இல்லை."

விசாரணை

விசாரணை அன்று எல்லாரும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். இஞ்சினியர் மராத்திக்காரர், பொறுமைசாலி. கட்டுகிறவர்கள் இந்தப் பக்கம், எதிர்க்கிறவர்கள் அந்தப் பக்கம் நில்லுங்கள் என்றார். யாரும் நகரவில்லை. இரண்டும் ஒரே ஆட்கள்தான் என்று அவருக்கு விளங்கவைக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. பிறகு ஓலைக்கு எழுந்து நிற்கிற மாதிரி ஒவ்வொருத்தராக எழுந்து, அடுப்புக்கு இடம் விடுகிறோம் என்றதும், பெஞ்சை எடுக்கிறோம் என்றதும் வாபஸ் வாங்கினார்கள். எஸ்தரம்மாள் முறை வந்தது. அவர் இஞ்சினியரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். டேப் பிடிச்சது நாந்தானே தம்பி, தெருக் குழாயைப் போட்டிருக்கிய, கக்கூஸைப் போட்டிருக்கிய, என் வீட்டை மட்டும் எப்படி விட்டிய என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கக்கூஸ் வரைந்த கைதான் இது.

அந்த வீடு பத்தடிக்குள் வருகிறது, இடிக்கவேண்டும் என்று இஞ்சினியர் சொன்னபோதுதான் உபதேசியாருக்கு விஷயமே தெரியும். பத்தடி விதியை நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை. படத்தில் விட்டுப்போனாலும் அந்த வீடு அப்படியே இருக்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, ஒரு ஆள் எதிர்ப்புதானே, இதைத் தள்ளிவிட்டு இன்றைக்கே மேலே அனுப்பிவிடவா என்று இஞ்சினியர் அவரிடம் கேட்டார். முதலாளி மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தார். உபதேசியார் காலை நகர்த்திக்கொண்டார்.

"ஓலையில ஒரு ஆளு எந்திரிச்சுத் தடை சொல்லிட்டா, அதத் தீக்காம நாங்க தாலி கட்டுறதில்ல சார். பிளானத் திருப்பிக் குடுத்துருங்க."

பத்துக்குப் பத்து

இஞ்சினியர் பிளானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பென்சிலை எடுத்து, காலி விடவேண்டிய இடத்தில் ஒரு சின்னச் சதுரம் போட்டு, காவலாளி அறை பத்துக்குப் பத்து வரைக்கும் அனுமதி உண்டே, அந்த அம்மாள் வீட்டை அப்படிக் காட்டுங்கள் என்றார். அப்படி ஒரு விதி இருப்பது முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேட்பார் இல்லாததால் சொல்வாரும் இல்லை. புதுசாக வரைந்து போடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டைப் பிரித்துவிட்டார்கள். மூன்று மாசம் ஞாயிற்றுக்கிழமைகளில் காதர் பாயின் பட்டறையில், தகரப் பெட்டிகளை ஓரமாக அடுக்கிவிட்டு ஆராதனை நடந்தது. அதற்கு யாரிடமும் பெர்மிஷன் கேட்கவில்லை.

பெர்மிஷன் வந்ததும் பிரிண்ட்டை நானே கொண்டுபோனேன். காவலாளி அறைக்குச் சிவப்பு மை நானே போட்டது. எஸ்தரம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, முதலில் அந்தச் சதுரத்தைத்தான் தேடினார். விரலை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்க நாலு வார்த்தை தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை.

"என் வாசல் கெழக்கல்லா பாத்திருக்கு. நீங்க மேக்க வச்சிருக்கிய. இதுக்கும் மூணு ஞாயிறு ஓலை வாசிக்கணுமா தம்பி?"

அதற்கப்புறம் நான் வரைந்த பிளான்களில் விட்டுப்போன வீடே இல்லை என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க மட்டும், காய்ச்சலானாலும் சரி, ஆபீஸ் ஆளையே கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.