நான்கு காலும் தரையில்

பெரிய மருத்துவமனையின் பதிவு ஜன்னலில் பத்தொன்பது வருடமாக டோக்கன் கொடுப்பவர் அவர். காவலாளி முதல் தலைமை மருத்துவர் வரை எல்லோருக்கும் 'டோக்கன்காரர்'தான். காலை ஏழரைக்குக் கதவு திறந்ததும் ஒரே நேரத்தில் பத்துக் கைகள் ஜன்னலுக்குள் நீளும். அவர் கத்தமாட்டார். நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருப்பார். கைகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கி வரிசை உருவான பிறகே, "சொல்லுங்கம்மா" என்பார்.

இப்படிப்பட்டவரை வீட்டில் ஒரு நாய் படாதபாடு படுத்தியது.

காப்பகத்திலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வாசலில் யார் வந்தாலும் பாய்ந்து, மார்பில் காலை வைத்து, முகத்தை நக்கும். ஸ்பிரிங் என்று பெயர் வைத்துச் சிரித்தவர் அவர் மனைவி. இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட டோக்கன்காரரின் அக்கா, மூன்று மாதம் இங்கே தங்க வரப்போகிறார் என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

"உங்க அக்கா ஒரு தடவை விழுந்தா போச்சு. அவங்க வர்றதுக்குள்ள இது அடங்கலேன்னா காப்பகத்துலயே விட்டுடலாம்."

"இன்னும் பத்து நாள்தானே இருக்கு."

"நீங்க ரெண்டு கையாலயும் தள்ளி, 'வேணாம்டா, வேணாம்டா'ன்னு கொஞ்சறீங்க. அது விளையாட்டுன்னு நினைக்குது. ஜன்னல்ல கையை நீட்டறவங்களுக்குத்தான் முதல்ல டோக்கன் குடுப்பீங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே தொடங்கினார். உள்ளே வந்ததும் பக்கவாட்டில் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். நாய் குதித்தது, குரைத்தது, சட்டைப் பையைக் கிழித்தது. நான்கு காலும் தரையில் பட்ட நொடியில் குனிந்து அதன் நெஞ்சை மெல்லத் தடவினார். மறுபடி குதித்தது, மறுபடி சுவர். ஐந்தாம் நாள் இரண்டே தாவலில் அடங்கியது.

ஏழாம் நாள் மேல்மாடிக்காரம்மா கடன் வாங்கிய குடையைத் திருப்பித் தர வந்தபோது, நாய் அந்த அம்மாவின் தோள்மேல் ஏறிவிட்டது.

மனைவி கதவைச் சாத்திவிட்டுக் கணவரை ஏற இறங்கப் பார்த்தார். "யாரோ பின்வாசல் வழியா டோக்கன் குடுக்கறாங்க."

அவர் மழுப்பப் பார்த்தார். முடியவில்லை.

"நீ குளிக்கப் போறப்போ மேல குதிக்க விட்டேன்... ஒரே ஒரு தடவை. தினமும்."

"ஏங்க?"

"நாள் பூரா எவ்வளவு பேர் வர்றாங்க. எல்லாரும் சீட்டைத்தான் பாக்கறாங்க. இது ஒண்ணுதான் என் மூஞ்சியைப் பாத்து ஓடி வருது."

மனைவி குடையை மூலையில் சாய்த்து வைத்தார். "உங்க ஆசைக்கு அது காப்பகத்துக்குப் போகணுமா?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பின் அவர் ஏமாற்றவில்லை. மனைவி குளிக்கும்போது மொட்டைமாடிக்குப் போய் நின்றுகொண்டார்.

ஞாயிறு காலை அக்கா வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்து உள்ளே வந்தார். ஸ்பிரிங்கின் வார் டோக்கன்காரர் கையில் இருந்தது. நாயின் உடல் முழுவதும் நடுங்கியது. முன்னங்கால்கள் ஒரு சாண் உயர்ந்தன. அவர் இழுக்கவில்லை, அதட்டவில்லை. பார்வையை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பினார். கால்கள் இறங்கின. உட்கார்ந்தது.

"பரவாயில்லையே, சாதுவா இருக்கு," என்றார் அக்கா. "நீ சின்ன வயசுல இவ்வளவு சொன்ன பேச்சு கேட்டதில்லையேடா."

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தார். நாய் ஓடி வந்து, ஓரடி தள்ளி உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்தது. வால் மட்டும் தரையைப் பெருக்கியது. அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு பையை ஓரமாக வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல், அதன் முகத்துக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தார்.